டிஸ்னி டைம்ஷேரை ரீசேல்ல வாங்கப் போறீங்களா? புரோக்கரிடம் பேரம் பேசும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு லீவு. சரி, ஒரு தடவை ஆர்லாண்டோ போய் மிக்கி மவுஸைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறீர்கள். ஐந்து நாள் கழித்து ஹோட்டல் பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அந்த நேரம் பார்த்து, பூங்காவுக்குள்ளேயே ஒரு சின்ன மேஜை போட்டு நிற்கும் ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்கிறார்: "டிஸ்னி வெகேஷன் கிளப் பற்றித் தெரியுமா?"

ஒரு புள்ளிக்கு 200 டாலருக்கு மேல். 150 புள்ளி வாங்கினாலே 30,000 டாலர் தாண்டிவிடும். 'யோசிச்சு சொல்றோம்' என்று நழுவி வீட்டுக்கு வந்து நண்பரிடம் சொன்னால், அவர் சிரிக்கிறார். "கம்பெனிகிட்ட நேரா எதுக்கு வாங்கறே? ரீசேல்ல பாதி விலைக்கே கிடைக்குமே!"

நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால், பாதி உண்மை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இந்த ரீசேல் ஆசை வந்திருக்கிறது. கார் வாங்கும்போது விடாமல் பேரம் பேசுகிறவர்கள்கூட, இங்கே புரோக்கர் சொன்ன விலையில் நூறு டாலர் குறைத்துவிட்டு, 'ஜெயிச்சுட்டோம்' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பேரம் பேச வேண்டிய இடம் வேறு என்பது அப்புறம்தான் தெரிகிறது.

அப்படி என்னதான் விற்கிறார்கள்?

டிஸ்னி வெகேஷன் கிளப் 1991-ல் தொடங்கியது. ஒரு ரிசார்ட்டில் உங்களுக்குச் சின்னதாக ஒரு பங்கு. அதற்குப் பத்திரமே உண்டு. அந்தப் பங்குக்கு ஈடாக வருஷா வருஷம் இத்தனை புள்ளிகள் வரும். அதைச் செலவழித்து அறை பிடிக்கலாம். உங்கள் சொந்த ரிசார்ட் என்றால் 11 மாதத்துக்கு முன்பே பதிவு செய்யலாம். கிளப்பின் மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதத்துக்கு முன்புதான். இந்த வருஷப் புள்ளியை அடுத்த வருஷத்துக்குச் சேமிக்கலாம். அடுத்த வருஷப் புள்ளியை இப்போதே கடனாக எடுக்கவும் செய்யலாம்.

முக்கியமான விஷயம், இது பரம்பரைச் சொத்து மாதிரி காலத்துக்கும் நிற்காது. பீச் கிளப், போர்டுவாக் போன்ற ரிசார்ட்டுகளின் காலம் 2042 ஜனவரி 31-ல் முடிகிறது. சாரட்டோகா ஸ்பிரிங்ஸ் 2054 வரை. ரிவியரா 2070 வரை. தேதி முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு நடுவே, புள்ளியைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும்.

அன்றைக்கு ஆசையாக வாங்கியவர்களின் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். மிக்கி மவுஸ் அலுத்துவிட்டது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் நிற்கவில்லை. அதனால் விற்கிறார்கள். அந்த இடத்தில்தான் புரோக்கர் வருகிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பல கம்பெனிகளின் டைம்ஷேர்கள் இணைய ஏலத்தில் ஒரே ஒரு டாலருக்குக்கூட வந்து நிற்கின்றன. வருஷக் கட்டணத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று தள்ளிவிடுகிறார்கள். டிஸ்னி புள்ளிகள் ஓரளவு விலை நிற்பதால்தான் இங்கே பேரத்துக்கே வேலை இருக்கிறது.

புரோக்கர் யார் பக்கம்?

உங்களுக்கு வீடு பார்த்துத் தரும் ஏஜென்ட் மாதிரி இவரை நினைத்துவிடாதீர்கள். இங்கே கமிஷன் கொடுப்பது பெரும்பாலும் விற்பவர். அதோடு, புளோரிடா மாநிலச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதித் தராத வரை, ரியல் எஸ்டேட் புரோக்கர் இரண்டு தரப்புக்கும் பொதுவான இடைத்தரகராகவே கருதப்படுவார். உங்களுக்காக மட்டும் வாதாடும் கடமை அவருக்கு இல்லை.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. எழுதிக் கொடுத்த விலைக்கு மேல் தர நீங்கள் தயார் என்பதை அவர் விற்பவரிடம் சொல்லக் கூடாது. விற்பவர் கேட்ட விலைக்குக் கீழே இறங்கத் தயார் என்பதை உங்களிடமும் சொல்லக் கூடாது. ஆகவே, "கொஞ்சம் குறைப்பாங்களா?" என்று போனில் கேட்பதால் பயன் இல்லை. 'ஆஃபர் அனுப்பிப் பாருங்க' என்பதுதான் பதிலாக வரும். அதுதான் சரியான பதிலும்கூட.

"இந்த விலைக்கெல்லாம் ஒத்துக்கவே மாட்டாங்க" என்று அவர் சொன்னால்? "பரவாயில்லை, அப்படியே அனுப்பிடுங்க" என்று சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே வேறு மாதிரி எழுதிக் கொடுக்காத வரை, வந்த ஆஃபரையெல்லாம் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது புரோக்கரின் கடமை.

அவருடைய பையையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 16,000 டாலர் வியாபாரத்தில் அவருக்கு 1,600 டாலர். நீங்கள் 800 டாலர் குறைத்தால் அவருக்கு நஷ்டம் வெறும் 80 டாலர். வியாபாரமே முறிந்தால் 1,600-ம் போச்சு. விலை குறைவதைவிட வியாபாரம் முறிவதுதான் அவருக்கு வலிக்கும். நியாயமான ஆஃபரோடு, கையெழுத்துப் போடத் தயாராக நிற்கும் ஆள் என்று தெரிந்தால், அவரே விற்பவரிடம் உங்கள் ஆஃபரைப் பொறுமையாக எடுத்துச் சொல்வார்.

புள்ளி விலையைப் பார்க்காதீங்க, பொட்டலத்தைப் பாருங்க

எல்லோரும் கண்ணை வைப்பது 'ஒரு புள்ளி எவ்வளவு' என்பதில்தான். ஏமாறுவதும் அங்கேதான். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். சாரட்டோகா ஸ்பிரிங்ஸில் 160 புள்ளி. இரண்டு பேர் விற்கிறார்கள்.

முதலாமவர் புள்ளிக்கு 105 டாலர் கேட்கிறார். மொத்தம் 16,800. போன வருஷப் புள்ளி 160-ஐச் சேமித்து வைத்திருக்கிறார். இந்த வருஷப் புள்ளி 160-ம் அப்படியே இருக்கிறது. ஆக, 320 புள்ளி கைக்கு வரும்.

இரண்டாமவர் 98 டாலர் கேட்கிறார். மொத்தம் 15,680. ஆனால், இந்த வருஷப் புள்ளியை அவரே தின்று தீர்த்துவிட்டார். அடுத்த வருஷம்தான் உங்களுக்குப் புள்ளி.

பார்த்தால் இரண்டாமவரிடம் 1,120 டாலர் மிச்சம். ஆனால், முதலாமவர் தரும் 320 புள்ளிக்கு, வாடகைக்கு விட்டால் புள்ளிக்கு 15 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், 4,800 டாலர் மதிப்பு. இந்த வருஷப் பராமரிப்புக் கட்டணத்தை, புள்ளிக்கு 9 டாலர் வீதம் 1,440 டாலர், நீங்களே ஏற்றுக்கொண்டாலும், விலை வித்தியாசத்தையும் கழித்த பிறகு, முதலாமவரிடம் வாங்குவதில்தான் 2,240 டாலர் லாபம்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு தடவை சேமித்த புள்ளியை மறுபடி சேமிக்க முடியாது. அந்த வருஷத்துக்குள் செலவழிக்காவிட்டால் காலாவதி. கையெழுத்திலிருந்து புள்ளி உங்கள் கணக்குக்கு வந்து சேரவே இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். நாலு மாதத்தில் காலாவதியாகப் போகிற புள்ளியைக் காட்டி 'ஃபுல் லோடட்' என்று விளம்பரம் செய்தால், அந்தப் புள்ளிக்கு நீங்கள் போட வேண்டிய மதிப்பு பூஜ்யம். அதனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இந்தப் புள்ளிகள் எந்தத் தேதியில் காலாவதி ஆகும்?"

வாய் திறந்து கேட்க வேண்டிய மூன்று விஷயங்கள்

முதலாவது, பராமரிப்புக் கட்டணம். புள்ளியை யார் அனுபவிக்கிறாரோ அவர்தான் கட்ட வேண்டும். நியாயம் அவ்வளவுதான். ஆனால், விற்பவர் இந்த வருஷப் புள்ளியைச் செலவழித்துவிட்டு, 'கட்டணத்தை வாங்குபவர் திருப்பித் தர வேண்டும்' என்று ஒரு வரி போட்டிருப்பார். 160 புள்ளிக்கு அது 1,440 டாலர். அதாவது விலையைப் புள்ளிக்கு 9 டாலர் ஏற்றியதற்குச் சமம். புள்ளி விலையில் 2 டாலர் குறைத்துவிட்டு இந்த வரியைக் கவனிக்காமல் விட்டால் யார் ஜெயித்தது?

இரண்டாவது, பத்திரச் செலவு. டைட்டில் கம்பெனிக் கட்டணம், பதிவுச் செலவு என்று சில நூறு டாலர் ஆகும். பெரும்பாலும் வாங்குபவர் தலையில் விழும். ஆனால், இதுவும் பேசக்கூடியதுதான். விலையில் இறங்க மறுக்கும் சிலர், 'சரி, செலவைப் பாதி நான் ஏத்துக்கறேன்' என்று இதில் இறங்கி வருவார்கள்.

மூன்றாவது, புள்ளிகளின் எண்ணிக்கை. 25, 50 புள்ளி என்று சின்ன ஒப்பந்தங்களுக்குக் கிராக்கி அதிகம். புள்ளிக்கு விலையும் அதிகம். பத்திரச் செலவு மட்டும் சின்னதுக்கும் பெரிதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 300 புள்ளி ஒப்பந்தங்களை வாங்க ஆள் குறைவு. அங்கேதான் பேரத்துக்கு இடம் அதிகம். ஆனால், 'சல்லிசா கிடைக்குதே' என்று தேவைக்கு மேல் வாங்கிவிட்டால், வருஷா வருஷம் அதற்கும் சேர்த்துக் கட்டணம் கட்டப்போவது நீங்கள்தான்.

நியாயமான விலை எது?

விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டு ரிசார்ட்டுகளின் பத்திரங்கள் புளோரிடாவின் ஆரஞ்ச் கவுன்ட்டியில் பதிவாகின்றன. பொதுப் பதிவு என்பதால் இணையத்திலேயே பார்க்கலாம். பத்திரத்தில் விலை நேராகத் தெரியாவிட்டாலும், கட்டிய முத்திரை வரி தெரியும். புளோரிடாவில் பெரும்பாலான இடங்களில் அது 100 டாலருக்கு 70 சென்ட். வரி 109 டாலர் 90 சென்ட் என்றால், விற்ற விலை 15,700 டாலரை ஒட்டி. அதைப் புள்ளி எண்ணிக்கையால் வகுங்கள். நாலைந்து பத்திரத்தைப் பார்த்தாலே சந்தை எங்கே நிற்கிறது என்று புரிந்துவிடும்.

அடுத்து, மிச்சமிருக்கும் வருஷங்களால் வகுங்கள். 2026-ல் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பீச் கிளப்பில் புள்ளி 96 டாலர் என்றால், மிச்சம் 16 வருஷம். வருஷத்துக்கு 6 டாலர். சாரட்டோகாவில் 98 டாலர் என்றால், மிச்சம் 28 வருஷம். வருஷத்துக்கு மூன்றரை டாலர். இதோடு வருஷக் கட்டணத்தையும் கூட்டினால்தான் உண்மையான விலை. கடலோரத்தில் இருக்கும் வெரோ பீச் ரிசார்ட்டில் புள்ளி மலிவாகக் கிடைக்கும். அங்கே வருஷக் கட்டணம் மற்ற இடங்களைவிட அதிகம். மலிவுக்குக் காரணமே அதுதான்.

நேரமும் உதவும். வருஷக் கட்டணம் ஜனவரியில் கட்ட வேண்டும். அதற்குள் கைகழுவிவிட வேண்டும் என்று நினைக்கும் ஆட்கள் நவம்பர், டிசம்பரில் இறங்கி வர வாய்ப்பு உண்டு. மாசக்கணக்கில் விளம்பரத்தில் கிடப்பதும், ஏற்கெனவே ஒரு தடவை விலை குறைத்ததும் நல்ல அறிகுறிகள்.

'டிஸ்னி தூக்கிட்டுப் போயிடும்' என்ற பயம்

இந்த வியாபாரத்தில் மூன்றாவதாக ஓர் ஆளும் உண்டு. நீங்களும் விற்பவரும் பேசி முடித்த பிறகு, அந்த ஒப்பந்தம் டிஸ்னியிடம் போகும். அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை டிஸ்னிக்கு இருக்கிறது. முடிவு சொல்ல 30 நாள். வேண்டாம் என்றால்தான் அது உங்களுக்கு.

புரோக்கர்கள் அடிக்கடி எடுக்கும் ஆயுதம் இது. "இவ்வளவு குறைவா போட்டா டிஸ்னி எடுத்துக்கும் சார். இன்னும் அஞ்சு டாலர் ஏத்துங்க."

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். டிஸ்னி எடுத்துக்கொண்டால் உங்கள் முன்பணம் முழுசாகத் திரும்பி வரும். போவது சில வாரங்கள் மட்டுமே. விற்பவருக்கும் அதே பணம்தான் கிடைக்கும். அவருக்கு யார் வாங்கினால் என்ன? ஆகவே, அந்தப் பயத்துக்காக மட்டும் 160 புள்ளிக்கு 800 டாலர் கூடக் கொடுப்பது, நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றுக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிற மாதிரி. ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் புள்ளி கையில் இருந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் யோசிக்கலாம். மற்றபடி, போனால் போகட்டும். அடுத்த ஒப்பந்தம் வரும்.

ஆஃபரை எப்படி எழுதுவது?

போனில் பேசாதீர்கள். மெயிலில், நாலே வரியில் எழுதுங்கள். புள்ளிக்கு இத்தனை டாலர். இந்த வருஷக் கட்டணத்தை விற்பவர் ஏற்க வேண்டும். பத்திரச் செலவு என்னுடையது. கடன் இல்லாமல் ரொக்கமாக வாங்குகிறேன். இரண்டு நாளில் பதில் தெரிந்தால் உடனே கையெழுத்து. அவ்வளவுதான்.

'குழந்தை பிறந்தநாளுக்குள்ள வேணும்', 'ரொம்ப நாளா இதையே தேடிட்டிருந்தோம்' என்பதெல்லாம் வேண்டாம். அது வீட்டுக்குள் பேச வேண்டிய பேச்சு.

எதிர் விலை வந்தால், ஒரே ஒரு தடவை நகருங்கள். அதுவும் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு நகருங்கள். "ரெண்டு டாலர் ஏத்தறேன், கட்டணத்தை நீங்க கட்டிடுங்க" என்கிற மாதிரி. உங்கள் உச்ச விலையை ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, கணவனும் மனைவியுமாகக் கையெழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, 'இன்னும் ஒரு டாலர்தானே' என்று தோன்றும்போது அதைப் போய்ப் பாருங்கள்.

மலிவுக்குப் பின்னால் இருக்கும் காரணம்

2019 ஜனவரி 19 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. அதன் பிறகு ரீசேலில் வாங்கிய பழைய 14 ரிசார்ட்டுகளின் புள்ளிகளை ரிவியராவிலோ, அதற்குப் பின் வந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்களிலோ பயன்படுத்த முடியாது. ரிவியராவையே ரீசேலில் வாங்கினால், அங்கே மட்டும்தான் தங்கலாம். நேரடியாக வாங்கியவர்களுக்குக் கிடைக்கும் பல சலுகைகளும் ரீசேலுக்குக் கிடையாது. "எல்லாம் ஒரே டிஸ்னிதான்" என்று யாராவது சொன்னால், இந்தத் தேதியை ஞாபகப்படுத்துங்கள்.

கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொன்று. நாளைக்கு நீங்கள் விற்கும்போது, வெளிநாட்டவர் என்பதால் விற்ற தொகையில் 15 சதவீதத்தை அமெரிக்க வரித்துறைக்காகப் பிடித்துவைக்கும் சட்டம் உண்டு. கணக்குத் தாக்கல் செய்து, மிஞ்சியதைத் திரும்பப் பெறலாம். ஆனால், அலைச்சல்.

கடைசியாக, ஏமாற்று ஆசாமிகள்

'உங்க டைம்ஷேரை நல்ல விலைக்கு வித்துத் தர்றோம், முதல்ல வரியை மட்டும் கட்டுங்க' என்று வரும் போன்களை நம்பி வீழ்ந்தவர்கள் ஏராளம். மெக்சிகோவில் இருக்கும் டைம்ஷேர்களைக் குறிவைத்து நடந்த மோசடிகளில், 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 30 கோடி டாலரை இழந்ததாக எஃப்.பி.ஐ-யிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் பின்னால் ஹலிஸ்கோ போதைக் கும்பல் இருப்பதாக 2024-ல் அமெரிக்க அரசு வங்கிகளை எச்சரித்தது. வாங்கும்போதும் சரி, விற்கும்போதும் சரி, புரோக்கரின் லைசென்ஸை மாநில அரசின் இணையதளத்தில் சரிபாருங்கள். பணத்தைப் புரோக்கரிடம் கொடுக்காமல் டைட்டில் கம்பெனியின் கணக்குக்கே அனுப்புங்கள். அந்தக் கணக்கு எண்ணையும், நீங்களே தேடி எடுத்த போன் நம்பரில் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

கடன் வாங்கித்தான் புள்ளி வாங்க வேண்டும் என்றால், இந்தப் பேரமே வேண்டாம். பேசிக் குறைத்த பணம் வட்டியிலேயே கரைந்துவிடும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஆர்லாண்டோ போவீர்கள் என்றால், புள்ளி வைத்திருப்பவர்களிடம் வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டு வாருங்கள். பத்திரமும் வேண்டாம், வருஷக் கட்டணமும் வேண்டாம்.

அப்படியில்லை, குடும்பத்தோடு வருஷா வருஷம் போகப்போகிறோம், கையில் ரொக்கம் இருக்கிறது, ஃப்ரிட்ஜில் தாளும் ஒட்டியாச்சு என்கிறீர்களா? தைரியமாக ஆஃபரை அனுப்புங்கள். 'முடியாது' என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். எழுதி வைத்த விலைக்கு உள்ளே நிற்கும் வரை, நீங்கள் எதையும் இழக்கவில்லை.